தொப்புள்கொடி ரத்தம் போதுமா, குதிகாலிலும் குத்த வேண்டுமா?

"தொப்புள்கொடியில் ரத்தம் எடுத்துவிட்டீர்களே சிஸ்டர், மறுபடியும் எதற்குப் பிள்ளையின் காலில் குத்த வேண்டும்?"

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூரில் மகப்பேற்றுத் தாதியாக வேலை செய்கிறேன். நம் தமிழ்த் தாய்மார்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அவர்களைவிட அவர்களுடைய அம்மாக்கள் இன்னும் அழுத்தமாகக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிறந்து ஒரு நாள் ஆன பிஞ்சுக் காலில் ஊசி இறங்குவதைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? எனக்கே இன்னும் பழகவில்லை.

கேள்வி சரி, கேட்கும் நேரம்தான் சரியில்லை. தாயும் பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்பும் காலையில், கணவர் பில் கட்டக் கீழே போயிருக்க, மாமியார் பையை அடுக்கிக்கொண்டிருக்க, இரண்டு நிமிடத்தில் ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள். அதனால்தான் ஆறு மாதம், ஏழு மாதக் கர்ப்பத்தில் இருப்பவர்கள் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து யோசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பிள்ளைக்குப் பிறவிக் கோளாறு ஏதும் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பதற்கு உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கொடி ரத்தப் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளைக்கு 24 மணி நேரம் ஆன பிறகு, வீட்டுக்குப் போவதற்கு முன்பே குதிகால் ரத்தத்தையும் எடுத்துவிடலாம். அல்லது இப்போது வீட்டுக்குப் போய்விட்டுச் சில நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்ளலாம். என் தேர்வு இரண்டாவது வழி. மூன்றாவது வழியே சரியாக இருக்கும் குடும்பங்களும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

கொடி ரத்தம் என்ன சொல்லும்

கொடி ரத்தத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அந்தச் சிறிய குழாய் ரத்தம் இந்த ஊரில் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. குழந்தை வெளியே வந்து, கொடியில் கவ்வி போட்டு வெட்டிய பிறகு, நஞ்சுக்கொடிப் பக்கம் மிஞ்சும் கொடியிலிருந்து மகப்பேற்றுத் தாதி அதை எடுத்துவிடுவார். பிள்ளைக்கு ஒரு கீறல்கூடக் கிடையாது. அதை வைத்து முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று ஜி6பிடி குறைபாடு, மற்றொன்று பிறவித் தைராய்டு குறைபாடு.

சிங்கப்பூரில் ஜி6பிடி பரிசோதனை 1965 முதல் நடந்துவருகிறது. அதற்கு முன்பு, பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை முற்றி, அந்த மஞ்சள் மூளைக்கே ஏறி, பிள்ளைகள் இறந்துபோனார்கள். பிழைத்தவர்கள் கைகால் முடங்கிப்போனார்கள். ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைச் சேதத்திலிருந்து காக்கும் ஒரு நொதி. அது குறைவாக உள்ள பிள்ளை சில பொருள்களின் அருகே இருந்தாலே போதும், சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். காமாலை திடீரென்று ஏறும். இந்தக் குறைபாடு பாலினக் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் குழந்தைகளிடம் அதிகமாகத் தெரியும்.

அந்தப் பொருள்களில் முதலிடம் அந்துருண்டைக்கு. பாச்சை உருண்டை என்றும் சொல்வோம். பேரப்பிள்ளைக்குத் தூளி கட்டுவதற்காகப் பாட்டி பத்திரமாக எடுத்து வைத்த பழைய பருத்திச் சேலை எங்கே இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில், நாலு உருண்டைகளோடு இருக்கும். ஒருமுறை வார்டில் ஒரு பாட்டி பையைத் திறந்ததும் அந்த வாடை அறை முழுவதும் பரவியது. பேரனின் ஜி6பிடி முடிவு அன்று காலையில்தான் வந்திருந்தது, குறைபாடு என்று. அந்தச் சேலை அவருடைய அம்மாவின் சேலை. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அதில் தூங்கியிருக்கிறார்கள். நாங்கள் விளக்கிச் சொன்னதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பையை மூடி, மகனிடம் கொடுத்து, காருக்கு அனுப்பிவிட்டார். கொடி ரத்தம் சொல்லாமல் இருந்திருந்தால், அன்பாகக் கட்டிய அந்தத் தூளியே அந்தப் பிள்ளைக்கு ஆபத்தாக முடிந்திருக்கலாம்.

பிறவித் தைராய்டுப் பரிசோதனை நாடு முழுவதும் 1990இல் வந்தது. தைராய்டு சுரக்காத பிள்ளை பிறந்தபோது எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருக்கும். மாதங்கள் போன பிறகுதான் வளர்ச்சியும் அறிவும் பின்தங்குவது தெரியும். அப்போது காலம் கடந்திருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் தினமும் ஒரு சிறிய மாத்திரை கொடுக்கத் தொடங்கிவிட்டால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே வளரும். கொடி ரத்தத்தில் இதைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிறந்த அரை மணி நேரத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பாகவே எகிறும். அந்த நேரத்தில் எடுத்தால் நல்ல பிள்ளைக்கும் குறை இருப்பதுபோலக் காட்டும். கொடி ரத்தம் அந்த ஏற்றத்துக்கு முன்பே எடுக்கப்படுவது.

கொடி ரத்தம் எதைச் சொல்லாது

இனி வருவதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. கருவில் இருக்கும்வரை பிள்ளையின் ரத்தத்தில் சேரும் கழிவை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் உடல்தான் வாங்கிக் கழித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் கல்லீரலில் ஒரு நொதியே இல்லாவிட்டாலும் அந்தக் குறையைத் தாய் சரிக்கட்டிவிடுகிறாள். அதனால் பிறந்த நொடியில் எடுக்கும் கொடி ரத்தத்தில் பெரும்பாலான வளர்சிதை மாற்றக் கோளாறுகள், அதாவது உணவை உடல் பயன்படுத்துவதில் வரும் கோளாறுகள், தெரியவே தெரியாது. கொடி வெட்டப்பட்டு, பிள்ளை தானாகப் பால் குடித்து, அந்தப் பாலின் புரதத்தைத் தானாகச் செரிக்கத் தொடங்கிய பிறகுதான் எது தேங்குகிறது, எது குறைகிறது என்பது ரத்தத்தில் வெளிப்படும். பிறந்து 24 மணி நேரம் ஆகட்டும் என்று நாங்கள் காத்திருப்பதன் காரணம் இதுதான்.

குதிகாலிலிருந்து சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் ஊறவைத்து அனுப்பும் முறையை 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க அறிவியலாளர். அன்று அந்த வடிதாள் அட்டையில் ஒரே ஒரு நோயைத்தான் தேடினார்கள். ஃபீனைல்கீட்டோனூரியா அதன் பெயர். இன்று டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற கருவியின் உதவியால் அதே அட்டையில் 40க்கும் மேற்பட்ட கோளாறுகளைத் தேட முடிகிறது. சிங்கப்பூரில் இந்த விரிவான பரிசோதனை 2006இல் தொடங்கியது. அதன் ஆய்வகம் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் இருக்கிறது. இங்கே சுமார் 3,000 பிள்ளைகளில் ஒருவருக்கு இத்தகைய கோளாறு இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அரிய நோய்கள். சேர்த்துப் பார்த்தால் அப்படி அரிதென்று சொல்ல முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். எம்கேட் குறைபாடு உள்ள பிள்ளையால் பசித்திருக்கும்போது கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்க முடியாது. வேளாவேளைக்குப் பால் குடிக்கும்வரை எந்தக் குறையும் வெளியே தெரியாது. ஒரு நாள் காய்ச்சல் வந்து, பால் குடிக்காமல் இரவு முழுவதும் தூங்கிவிட்டால் ரத்தச் சர்க்கரை சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் செய்ய வேண்டியது மிகவும் எளிது: நீண்ட நேரம் பசிக்க விடக் கூடாது, உடம்பு சரியில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லும் அட்டைக்கா 'வேண்டாம்' என்று சொல்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இங்கே இருக்கின்றன. முதலாவது, சொந்தத்தில் திருமணம். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்தவர்கள் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் பிள்ளையிடம் தோன்றும். ஒரே தாத்தா பாட்டி வழியில் வந்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் அமையும் வாய்ப்பு கூடுதல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைக்கவும் வேண்டாம். "நாங்கள் சொந்தம்" என்று தாதியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் குதிகால் ரத்தம் எடுப்பதைத் தள்ளிப்போட நான் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டாவது, வெந்தயம். மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்று ஒன்று உண்டு. அந்தப் பிள்ளையின் சிறுநீரில் காய்ச்சிய சர்க்கரைப் பாகுபோல ஓர் இனிப்பு வாசம் வரும். கொடிய நோய், முதல் வாரத்திலேயே பிள்ளையைச் சாய்த்துவிடும். ஆனால் பால் சுரப்பதற்காகத் தாய் வெந்தயக் களியும் வெந்தயக் கஞ்சியும் சாப்பிட்டிருந்தால் ஆரோக்கியமான பிள்ளையிடமும் அதே வாசம் வரும். வாசத்தை மட்டும் வைத்து நோயென்றும் சொல்ல முடியாது, நோயில்லை என்றும் சொல்ல முடியாது. அட்டையில் ஊறிய ரத்தத்தில், இந்த நோயில் தேங்கும் லூசின் என்ற அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகம் பார்த்தால் சந்தேகம் தீரும். நீங்கள் வெந்தயம் சாப்பிட்டதை எங்களிடம் சொல்லிவிட்டால் வீண் பயமும் இருக்காது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைப்பதற்குப் பணம் கட்டிய சில குடும்பங்கள், எல்லாப் பரிசோதனையும் அதிலேயே அடங்கிவிட்டது என்று நம்புகிறார்கள். அது வேறு, இது வேறு. சேமிப்பில் இருக்கும் ரத்தத்தை யாரும் இந்த நோய்களுக்காகப் பரிசோதிப்பதில்லை.

எப்போது, எங்கே

மூன்றாவது வழிக்கு வருகிறேன். 'இப்போது வேண்டாம், பிறகு வந்து எடுத்துக்கொள்கிறோம்' என்பவர்கள் பிரிட்டனைக் காட்டுவார்கள். அங்கே பிறந்த நாளைப் பூஜ்யமாக வைத்து ஐந்தாம் நாளில்தான் குதிகால் ரத்தம் எடுக்கிறார்கள். அங்கே ஐந்தாம் நாள் சரி என்றால் இங்கே ஏன் இந்த அவசரம்?

அங்கே மகப்பேற்றுத் தாதி வீட்டுக்கே வருகிறார். பிரசவமான வீடுகளுக்குப் போவது அவருடைய அன்றாட வேலை. அட்டையை நிரப்புவது, அனுப்புவது, மாதிரி சரியில்லை என்றால் மீண்டும் எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எட்டு வாரத்துக்குள் முடிவு பெற்றோரிடம் போய்ச் சேர்ந்துவிடும். சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் கட்டில் பற்றாத மகப்பேற்று மருத்துவமனையிலிருந்து தாய்மார்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பி, தாதிகள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். இன்றைய கேகே மருத்துவமனையான கண்டாங் கெர்பாவில் 1966இல் மட்டும் 39,835 பிள்ளைகள் பிறந்தன, உலகச் சாதனை அது. இன்று வீடு தேடி வரும் அந்த ஏற்பாடு எல்லோருக்கும் கிடையாது. சுகப்பிரசவம் என்றால் சுமார் இரண்டு நாள், அறுவைச் சிகிச்சை என்றால் மூன்று நாள் கழித்து வீட்டுக்குப் போகிறார்கள். 24 முதல் 72 மணி நேரம் என்ற இடைவெளி, பிள்ளை எங்கள் கண் முன்னால் இருக்கும் காலத்தோடு அப்படியே பொருந்துகிறது. அந்தக் காலத்தில் எடுப்பதால் வேறு ஒரு லாபமும் உண்டு. கொழுப்பை எரிக்க முடியாத கோளாறுகள் சிலவற்றின் அடையாளம், பால் வரத்து இன்னும் கூடாத அந்த முதல் சில நாள்களில்தான் ரத்தத்தில் தெளிவாகத் தெரியும். பிள்ளை நன்றாகக் குடிக்கத் தொடங்கிவிட்டால் மங்கிவிடும்.

'பிறகு' என்பது நம் வீடுகளில் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பதினாறு நாள் தீட்டு, முப்பது நாள் பத்தியம், பச்சைப் பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது என்ற பாட்டியின் உத்தரவு. அந்த உத்தரவில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மேப்பிள் சிரப் நோய் பதினாறாம் நாள்வரை காத்திருக்காது. 'பிறகு வருகிறோம்' என்று போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் மூன்றாவது வழியே சரியாக இருக்கும் நேரங்கள் உண்டு. 24 மணி நேரம் ஆவதற்குள் வீட்டுக்குப் போகிறவர்கள், திரும்பி வரும் நாளையும் இடத்தையும் கையில் எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். காமாலை பார்க்க எப்படியும் சில நாளில் பிள்ளையைக் கொண்டுவரப்போகிறீர்கள். இதையும் அதே சமயத்தில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள். குறைமாதப் பிள்ளைகளுக்கு ஒரே முறை எடுத்தால் போதாது. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் பிள்ளைக்கு ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொடையாளியின் ரத்தத்தைத்தான் பரிசோதித்ததாகும்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: குதிகால் பரிசோதனைக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், கட்டணமும் உண்டு, மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பயன்படுத்துவதற்கும் வழி இருக்கிறது. கட்டணத்தை மருத்துவமனையில் முன்பே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொல்வதும் உங்கள் உரிமைதான். என்ன வேண்டாம் என்கிறீர்கள் என்பதைப் புரியவைப்பது தாதியின் கடமை, அதைக் குறிப்பில் எழுதி வைப்பதும் அவர் கடமை. உங்களைத் திட்டுவதோ பயமுறுத்துவதோ அவர் வேலை அல்ல.

குத்துகிறவரின் பொறுப்பு

நல்ல மாதிரி எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் உங்களுக்குப் பயம் குறையும். பிள்ளையை உங்கள் மார்பில் அணைத்துப் பால் குடிக்க விடச் சொல்வோம். குடிக்கும் பிள்ளைக்கு வலி குறைவு. கால் சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும். குத்துவது பாதத்தின் அடிப்பக்கம், குதிகாலின் இரு ஓரங்களில். நட்ட நடுவிலோ பின்பக்க வளைவிலோ குத்தினால் எலும்பில் படலாம். இதற்கென்றே இருக்கும் கருவியின் முனை 2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. முதல் சொட்டைத் துடைத்துவிடுவோம். அடுத்த சொட்டு தானாகத் திரண்டு பெரிதாகும்வரை பொறுத்திருந்து, அட்டையின் வட்டத்தைத் தொடவைப்போம். ஒரே சொட்டு மறுபக்கம்வரை ஊறி வட்டம் நிறைய வேண்டும். காலைப் பிசைந்து பிழிந்தால் ரத்தத்தோடு நீர் கலந்துவிடும்.

இந்தப் பொறுமையை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். இந்தப் பரிசோதனை வந்த புதிதில், ஒரு நாள் பிள்ளை வீறிட்டு அழுதது. மனம் கேட்காமல், காய்ந்துகொண்டிருந்த சொட்டின் மேலேயே இன்னொரு சொட்டை வைத்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் அட்டை காய்வதற்குப் படுக்கைவாட்டில் மூன்று நான்கு மணி நேரம் கிடக்க வேண்டும். அதற்குள் உறையில் போட்டுவிட்டேன். ஆய்வகம் மாதிரியை ஏற்கவில்லை. குடும்பத்தை அழைத்தால் பதில் இல்லை. படிவத்தில் இருந்தது தகப்பனின் எண். அவருக்குத் தொழிற்சாலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் இரவு வேலை, கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாயும் பிள்ளையும் சுவா சூ காங்கில் தாய்வீட்டில் இருந்தார்கள். அந்த எண் எங்களிடம் இல்லை. இரண்டு நாள் அலைந்து கண்டுபிடித்தோம். ஒன்பதாம் நாள், கொட்டுகிற மழையில், தையல் வலியோடு அந்தப் பெண் டாக்சியிலிருந்து இறங்கி வந்ததை என் கண்ணிலிருந்து இன்னும் அகற்ற முடியவில்லை. இரண்டாவது மாதிரியில் எந்தக் கோளாறும் இல்லை. இருந்திருந்தால் அந்த ஒன்பது நாளை யார் திருப்பிக் கொடுப்பது?

அன்றிலிருந்து என் வேலை பிள்ளையின் காலில் துணி ஒட்டியதோடு முடிவதாக நான் நினைப்பதில்லை. அட்டையில் தாயின் பெயரும் அடையாள எண்ணும், பிறந்த நேரமும், ரத்தம் எடுத்த நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்க்கிறேன். நம் பிள்ளைகளுக்கு அப்போது பெயரே வைத்திருக்க மாட்டார்கள். ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகளின் பிள்ளைகள் இருந்தால் அட்டை மாறுவதற்கு ஒரு நொடி போதும். அட்டை அன்றே கிளம்பியதா என்று விசாரிக்கிறேன். முடிவு வந்து அதை ஒருவர் படித்துக் குடும்பத்துக்குச் சொல்லும்வரை அந்தப் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் திறந்தே இருக்க வேண்டும்.

மீண்டும் வரச் சொல்லி அழைப்பு வந்தால் பதறாதீர்கள். அப்படி அழைக்கப்படும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது பரிசோதனையில் ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அழைப்பே வராவிட்டாலும் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் பரிசோதனைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்; ஏதாவது கட்டம் காலியாக இருந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேளுங்கள்.

பிரசவப் பையை அடுக்கும்போது ஒரு துண்டுத் தாளையும் உள்ளே வையுங்கள். பத்தியக் காலம் முழுவதும் நீங்கள் இருக்கப்போகும் வீட்டின் முகவரி, அங்கே எந்நேரமும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண், நீங்கள் இருவரும் சொந்தமா என்பது, குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த பச்சிளங்குழந்தை யாராவது உண்டா என்பது. அதைத் தாதியின் கையில் கொடுங்கள். தூளிக்கான சேலையை இப்போதே அலமாரியிலிருந்து எடுத்து, துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். ஜி6பிடி முடிவு வரும்வரை அதைக் கட்ட வேண்டாம்.